பதினாறாம் தெருவின் படிக்கட்டு

கெல்லி இங்ராம் பூங்காவின் நடைபாதையில் ஓரிடத்தில் இருபுறமும் சுவர்கள். அவற்றிலிருந்து உலோக நாய்கள் வாயைப் பிளந்தபடி பாய்கின்றன. பாதை அவற்றின் நடுவேதான் போகிறது. சிற்பம் என்று தெரிந்தும் தோள்களைக் குறுக்கிக்கொண்டுதான் நடந்தேன். 1963 மே மாதம் இங்கே ஏவிவிடப்பட்டவை உயிருள்ள போலீஸ் நாய்கள். எதிரே நின்றவர்களில் பலர் பள்ளிப் பிள்ளைகள்.

பூங்காவின் மூலைக்கு வந்தால் தெருவுக்கு அப்பால் இரட்டைக் கோபுரங்களோடு நிற்கிறது பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயம். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காம் நகரின் நடுவே. குண்டுவெடிப்பில் நான்கு சிறுமிகள் இறந்த இடம் என்றுதான் உலகம் இதை அறியும். ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்பு, மே 2 அன்று, நிறப் பாகுபாட்டை எதிர்த்து இந்த முன்வாசல் வழியாகத்தான் பிள்ளைகள் அணியணியாகப் பாடிக்கொண்டும் கைதட்டிக்கொண்டும் இறங்கினார்கள். அன்று மட்டும் நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். போலீஸ் வண்டிகள் போதாமல் பள்ளிப் பேருந்துகளைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். சிறைப்பட்டவர்களில் ஒரு சிறுமிக்கு வயது 9. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அன்றுதான் தீயணைப்புக் குழாய்களும் நாய்களும். இந்தப் படிகளில் இறங்கிய பிள்ளைகளை மறந்துவிட்டு நிலவறையில் இறந்த பிள்ளைகளுக்காக மட்டும் அழுதால், இந்தச் சபை என்ன செய்தது என்பதே நமக்குத் தெரியாமல் போய்விடும்.

படியேறினேன். 1911-ல் எழுந்த கட்டடம் இது. வடிவமைத்த வாலஸ் ரேஃபீல்ட் கறுப்பினத்தவர். கட்டி முடித்த ஒப்பந்தக்காரரும் கறுப்பினத்தவர். பஸ்ஸில் இருக்கை, கடையில் சாப்பாடு, குடிக்கும் தண்ணீர் எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்த ஊரில், கறுப்பின மக்கள் பெருந்திரளாகக் கூடுவதற்குச் சொந்தமாக இருந்த இடம் ஆலயம்தான். 1956-ல் மாநில அரசு, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தை முடக்கியபோது, போதகர் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த் சில நாட்களுக்குள் புதிய இயக்கம் ஒன்றைத் தொடங்கினார். பெயர், மனித உரிமைகளுக்கான அலபாமா கிறிஸ்தவ இயக்கம். அந்தக் கிறிஸ்துமஸ் இரவில் அவர் வீட்டைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். இடிபாட்டிலிருந்து எழுந்து வந்தவர், மறுநாளே ஆட்களைத் திரட்டிக்கொண்டு பஸ்ஸில் வெள்ளையர் இருக்கைகளில் போய் உட்கார்ந்தார். கடவுள் தன்னைக் காப்பாற்றியது இதற்காகத்தான் என்று நம்பிய மனிதர். அவருடைய சிலை எதிரே, மனித உரிமை அருங்காட்சியகத்தின் முன்னால் நிற்கிறது.

உள்ளே நீண்ட மர இருக்கைகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். இயக்கத்தின் கூட்டங்கள் இதுபோன்ற ஆலயங்களில்தான் நடந்தன. முதலில் ஜெபம், பாட்டு, பிரசங்கம், காணிக்கை. பிறகு நாளை யார் எந்தக் கடைக்குப் போவது, யார் கைதாவது என்ற ஏற்பாடு. தொண்டர்கள் கையெழுத்திட்ட அட்டையில் பத்து உறுதிமொழிகள் இருந்தன; இயேசுவின் போதனையையும் வாழ்க்கையையும் தினமும் தியானிப்பது அதில் முதலாவது. அடித்தாலும் திருப்பி அடிக்காமல் இருப்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட பயிற்சியின் பகுதி அது. பிள்ளைகளைத் திரட்டிய ஜேம்ஸ் பெவலுக்கு அகிம்சைப் பயிற்சி தந்தவர் ஜேம்ஸ் லாசன். மெதடிஸ்ட் ஊழியரான லாசன் 1950-களில் நாக்பூரின் ஹிஸ்லாப் கல்லூரியில் பணியாற்றி, காந்தியின் வழியைக் கற்றுத் திரும்பியவர்.

எல்லாச் சபைகளும் துணிந்துவிடவில்லை. தயங்கிய கறுப்பினப் போதகர்கள் பலர். வேலையும் வீடும் ஆலயமும் போய்விடும் என்ற பயம் வீண்பயமும் அல்ல. வசதியுள்ளவர்கள் நிறைந்த இந்தச் சபை கதவைத் திறந்தது அதனால்தான் பெரிய காரியம். வெள்ளையர் பக்கத்தில், எட்டு மதத் தலைவர்கள் பொறுமை காக்கும்படி அறிக்கை விட்டார்கள். 1963-ன் பெரிய வெள்ளியன்று கைதாகியிருந்த மார்ட்டின் லூதர் கிங் அதற்குச் சிறையிலிருந்து எழுதிய பதில்தான் புகழ்பெற்ற பர்மிங்காம் சிறைக் கடிதம். அந்த எட்டுப் பேரில் ஏழு பேர் கிறிஸ்தவர்கள். கிங் கையில் இருந்த வேதமேதான் அவர்கள் கையிலும் இருந்தது. என்னை மிகவும் உலுக்குவது இதுதான்.

நிலவறைக்கு இறங்கினேன். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு. நீதிமன்ற உத்தரவால் வெள்ளையர் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் சிலர் கால்வைத்திருந்த நேரம் அது. இளையோர் ஆராதனைக்காகச் சிறுமிகள் பெண்கள் அறையில் தயாராகிக்கொண்டிருந்தார்கள். டெனிஸ் மெக்நேரின் உடையில் இடுப்புப் பட்டையைக் கட்டிவிட ஆடி மே காலின்ஸ் கை நீட்டினாள். வெடிப்புக்கு முன் அவள் தங்கை சாரா பார்த்த கடைசிக் காட்சி அது. காலை 10:22-க்கு வெளிப் படிக்கட்டின் அடியில் வைத்த டைனமைட் வெடித்தது. டெனிஸுக்கு வயது 11. ஆடி மே, கரோல் ராபர்ட்சன், சிந்தியா வெஸ்லி மூவருக்கும் 14. அன்றே நகரின் வேறு இடங்களில் இரண்டு கறுப்பினச் சிறுவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

மறுபடி மேலே வந்து, பீடத்தருகே நின்று திரும்பிப் பார்த்தால் மேல்மாடத்தில் வேல்ஸ் ஜன்னல். ஜான் பெட்ஸ் என்ற கலைஞர் செய்தது. குண்டுவெடிப்புக்குப் பின் இதற்காக வேல்ஸ் நாட்டில் ஒரு செய்தித்தாள் நிதி திரட்டியபோது, ஒருவர் அரைக் கிரௌன் நாணயத்துக்கு மேல் தரக்கூடாது என்று வரம்பு வைத்தது. பணக்காரர் ஒருவரின் கொடையாக இல்லாமல் மக்களின் கொடையாக இருக்கட்டும் என்று. 1965-ல் பொருத்திய நீலக் கண்ணாடியில் கறுப்பின இயேசு கைகளை விரித்து நிற்கிறார். ஒரு கை கொடுமையைத் தடுத்துத் தள்ளுகிறது. மற்றது மன்னிக்கிறது. இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றேன். மன்னிக்கிற கையை மட்டும் காட்டிக் கறுப்பின மக்களை அமைதிப்படுத்தப் பார்த்தவர்களுக்கு அமெரிக்காவில் என்றுமே குறைவில்லை.

குண்டு வைத்த குற்றவாளிகளில் முதலாமவனுக்கு 1977-ல்தான் தண்டனை கிடைத்தது. இன்னும் இருவருக்கு 2001-லும் 2002-லும். நான்காவது ஆள் வழக்கே இல்லாமல் செத்தான். சாரா அன்று உயிர் பிழைத்தார். ஒரு கண் போயிற்று. கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்ன அதே சாரா, மாநில அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும், இழப்பீடும் தர வேண்டும் என்று வழக்கறிஞர்கள் மூலம் கடிதம் அனுப்பினார். 2020-ல் அலபாமா ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். இழப்பீட்டுக் கோரிக்கையை சாரா விடவில்லை.