உப்பளத்து நாவல் கடல் தாண்ட வேண்டும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போதே இருபுறமும் பாத்திகள் தொடங்கிவிடுகின்றன. வடக்கேயிருந்து வரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிகிற பகுதி இது. நான் வரப்பில் இறங்கியபோது, வெயில் ஏறும் முன்பே பாதி வேலை முடிந்திருந்தது. உவர்நீரை முதலில் பெரிய பாத்தியில் தேக்குகிறார்கள். வெயிலில் சுண்டி அடர்த்தி ஏற ஏற அடுத்தடுத்த பாத்திகளுக்கு விடுகிறார்கள். கடைசிப் பாத்தியில்தான் உப்பு விளைகிறது. ஐப்பசி மழை பிடித்தால் வேலையும் கூலியும் நின்றுபோகும். மழைக்காலம் கழிந்தபின் சேற்றை வாரி, தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் கையில் ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ இருந்தது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரிடையே நேரில் சென்று பழகி அவர் எழுதி, 1979இல் வெளிவந்த நாவல். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி நிமிர்ந்து, “இன்னா பொஸ்தகம் தம்பி?” என்றார்.

“தூத்துக்குடி அளத்து வேலையைப் பத்தின கதை அக்கா. நீங்க செய்யற இதே வேலைதான்.”

“எங்க வேலையக் கூடவா எழுதறாங்க? யாரு படிக்கிறாங்க அத?”

அவருடைய பாதங்களில் உப்பு அரித்த வெடிப்புகளைப் பார்த்தபடி நின்றேன். அவர் கேட்டது மிகச் சரியான கேள்வி.

இந்தக் கரை இலக்கியத்துக்குப் புதிதல்ல. சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் மரக்காணப் பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. உப்பு வண்டியோடு ஊர் ஊராய்ச் சென்ற உமணர்களும் அந்தப் பாட்டில் வருகிறார்கள். பாடிய நத்தத்தனாரின் இடைக்கழிநாடு இங்கிருந்து சற்று வடக்கே இருக்கிறது. நம் காலத்தில் ‘கரிப்பு மணிகள்’ இருக்கிறது, ஸ்ரீதர கணேசனின் ‘உப்பு வயல்’ இருக்கிறது. எழுதுவதில் நாம் குறை வைக்கவில்லை. எழுதியதை வெளியே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் குறை.

உலகப் பதிப்புலகில் அந்த வேலைக்கென்றே இலக்கிய முகவர் இருக்கிறார். நாவலின் சுருக்கத்தையும் மாதிரி மொழிபெயர்ப்பாகச் சில பத்துப் பக்கங்களையும் தயார் செய்து, எந்தப் பதிப்பாளருக்கு எது பொருந்தும் என்று அறிந்து அனுப்புகிறார். இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா என்று உரிமையைத் தனித்தனியே விற்கிறார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்நாட்டு ஒப்பந்தத்துக்குப் பொதுவாக 15 விழுக்காடு அவருடைய பங்கு. புத்தகம் விற்றால்தான் அவருக்கும் வருமானம். விளைவித்தவனுக்குத் தெரியாமல் விலை வைக்கும் உப்புத் தரகரைப் போன்றவர் அல்ல அவர். ஆசிரியருக்கு நல்ல விலை கிடைத்தால்தான் அவர் பங்கும் உயரும்.

இதன் பலன் நம் கண்முன் இருக்கிறது. கன்னட எழுத்தாளர் பானு முஷ்தாக்கின் கதைகள் தீபா பஸ்தியின் மொழிபெயர்ப்பில் 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றன. அந்த நூலின் முகவர் ரைட்டர்ஸ் சைட் நிறுவனத்தின் கனிஷ்கா குப்தா. ஜெயமோகனின் ஆங்கில நூல்களுக்கும் அவரே முகவர். ‘ஏழாம் உலகம்’ நாவல் சுசித்ரா ராமச்சந்திரனின் ஆங்கிலத்தில் 2023இல் வந்தது. ‘அறம்’ கதைகள் பிரியம்வதா ராம்குமாரின் மொழிபெயர்ப்பில் 2025இல் அமெரிக்காவை எட்டின. 2023இல் பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ சர்வதேச புக்கர் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. தமிழ் நாவல் ஒன்று அங்கே நுழைந்தது அதுவே முதல்முறை.

‘கரிப்பு மணிக’ளுக்கு அப்படி ஒருவர் கிடைப்பது கடினம். ராஜம் கிருஷ்ணனின் படைப்புகளை அவர் வாழ்ந்தபோதே, 2009இல், தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. முதுமையில் அவருக்கு உதவிய நல்ல செயல் அது. ஆனால் எவரும் அச்சிடக்கூடிய நூலின் மூல உரிமையை எந்த முகவரும் விற்க முடியாது. பங்கு இல்லாத இடத்தில் தனியார் உழைப்பும் இருக்காது. ஆகவே நாட்டுடைமை நூல்களுக்கு முகவராக நிற்க வேண்டிய பொறுப்பு அரசுடையது. 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சியை நடத்தி, மொழிபெயர்ப்புக்கு நிதி நல்கையும் தருகிற அரசு இது. அந்த நல்கைப் பட்டியலில் உழைக்கும் மக்களின் நாவல்களுக்குத் தனி இடம் வேண்டும்.

பதிப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். நல்ல நாவல் ஒவ்வொன்றுக்கும் முப்பது பக்கமாவது ஆங்கிலத்தில் தயாராக வைத்திருங்கள். முகவர் கேட்கும் முதல் பொருள் அதுதான்.

வாசகர்களே, ‘கரிப்பு மணிகள்’ தமிழில் கிடைக்கிறது. “யாரு படிக்கிறாங்க?” என்ற கேள்விக்கு முதல் பதிலை நாம்தான் சொல்ல வேண்டும்.