ஒரிஜினல் இல்லாத ஜீப்

பழைய ஜீப்பை விற்க விளம்பரம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே சொல்லில்தான் போய் நிற்கிறார்கள்: ஒரிஜினல். ஒரிஜினல் பாடி, ஒரிஜினல் எஞ்சின், ஒரிஜினல் ஆர்.சி. புத்தகம். வண்டி ஓடுமா என்பதெல்லாம் அப்புறம்தான். பெரியப்பாவின் ஜீப்பை விற்றுக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தபோது அந்தச் சொல்லை என்னால் எழுத முடியவில்லை. வண்டி பதிவானது 1967-இல். அதில் இருக்கும் எஞ்சின் அந்த வண்டியோடு பிறந்தது இல்லை.

ஆரணிக்குப் பக்கத்தில் திருமலை எங்கள் ஊர். தாத்தா 1979-இல் அரசு ஏலத்தில் எடுத்த ஜீப் இது. பெரியப்பா பட்டுத் தறி வைத்திருந்தார். ஆரணியிலிருந்து பாவையும் ஊடையையும் ஏற்றிவந்து சுற்றுப்பட்டு ஊர்களின் நெசவாளர்களிடம் கொடுப்பதும், நெய்த புடவைகளை வாங்கிப்போய் ஆரணியில் சேர்ப்பதும் வண்டியின் அன்றாட வேலை. நடுவில் பிரசவ வலி கண்ட பெண்களை ஏற்றிக்கொண்டு போளூருக்கு ஓடியிருக்கிறது. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் மைக் செட் கட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறது.

ஜீப்பின் பூர்வீகம் தெரிந்ததுதான். இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்தன. 1945-இல் தொடங்கப்பட்ட மஹிந்திரா நிறுவனம், 1947-இல் வில்லிஸ் ஜீப்களை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. எங்களுடையது சி.ஜே.3பி மாடல். அமெரிக்காவில் 1953-இல் வந்தது. அதன் ஹரிக்கேன் எஞ்சினில் காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும் வால்வு மேலே ஹெட்டில் இருக்கும். புகையை வெளியே தள்ளும் வால்வு கீழே பிளாக்கில் இருக்கும். அதனால் எஞ்சின் உயரமாகிவிட்டது. எஞ்சின் உயர்ந்ததால் பானெட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. நெற்றி ஏறிய அந்த முகத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். தரையில் மூன்று குச்சிகள். ஒன்று கியர். இன்னொன்றைத் தள்ளினால் முன்சக்கரங்களுக்கும் இழுவை போகும். மூன்றாவது, சேற்றிலும் ஏற்றத்திலும் மெதுவாக, பலமாக ஏறுவதற்கு. முதல் கியருக்கு சின்க்ரோ கிடையாது; வண்டி நின்ற பிறகு போட்டால்தான் கத்தாமல் விழும்.

இந்த வண்டிக்கு ஒரு பெரிய குறை, அதன் பசி. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் ஏறக்குறைய நான்கு மடங்கானது. அதற்குப் பிறகு 2.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைக் கிராமத்தில் வைத்து ஓட்டுவது கட்டுப்படியாகவில்லை. மஹிந்திராவே இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர் வழியில் வந்த டீசல் எஞ்சினை ஜீப்பில் வைத்து விற்றது. மெக்கானிக் ஷெட்டுகளும் சும்மா இருக்கவில்லை. 1982-இல் பெரியப்பா ஒரு டிராக்டர் எஞ்சினை வாங்கி, வேலூரில் வைத்து மாற்றினார். ஹரிக்கேன் எடைக்குப் போனது. மாற்றத்தை முறையாக ஆர்.சி. புத்தகத்திலும் ஏற்றி, முத்திரை வாங்கினார். மங்கிய நீல மையில் அந்த வரி இன்னும் இருக்கிறது.

இன்றைக்கு வண்டியின் மதிப்பைக் குறைப்பது அந்த ஒரு வரிதான்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்திருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய்; 'வி.ஏ.' எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட். அந்த வண்டியை அன்றாடம் ஓட்டவும் கூடாது, தொழிலுக்கு வைக்கவும் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்காக மட்டும் ரோட்டில் எடுக்கலாம். விதியின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைப் படித்து முடித்தபோது, எங்கள் பக்கத்து ஜீப்களில் எது இதற்குள் வரும் என்று யோசித்தேன். பெரிதாக ஓடாமல் ஷெட்டில் நின்ற வண்டிதான் வரும். நாற்பது வருஷம் ஊருக்கு உழைத்த வண்டி, உழைத்த காரணத்தினாலேயே வெளியே நிற்கும்.

நான் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் ஒரு நிரலை நம்பலாமா என்று பார்க்க அதன் மாற்றப் பதிவுகளைப் படிப்போம்: யார், எப்போது, எதற்காக மாற்றினார்கள் என்று. பத்து வருஷமாக யாரும் தொடாத நிரல் என்றால் எங்களுக்குப் பெருமை வராது, பயம்தான் வரும்.

எங்கள் ஊர் மலைக்கும் இந்தப் பழக்கம் உண்டு. திருமலைக்கு வருகிறவர்கள் பாறையில் செதுக்கிய பதினாறு மீட்டர் உயர நேமிநாதரைப் பார்ப்பார்கள். குந்தவை பெயரால் அமைந்த ஜினாலயத்தைப் பார்ப்பார்கள். வரலாறு படித்தவர்கள் ராஜேந்திர சோழனின் வெற்றிகளை அடுக்கும் கல்வெட்டைத் தேடுவார்கள். அதே மலையில் இன்னொரு கல்வெட்டு இருக்கிறது. சேரர் வழிவந்த எழினி செய்துவைத்த யட்சன், யட்சி உருவங்களை, பின்னாளில் அதே மரபில் வந்த தகடூர் அதிகைமான் விடுகாதழகிய பெருமாள் பழுது நீக்கிப் புதுப்பித்தான் என்கிறது அது. செய்தவன் பெயரும் இருக்கிறது, சரிசெய்தவன் பெயரும் இருக்கிறது. பழுது பார்த்ததை மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கல்லில் வெட்டியே வைத்தார்கள்.

விளம்பரத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். இரண்டு பேர் தேடி வந்தார்கள். ஒருவர் ஜவ்வாது மலையில் வண்டி ஓட்டுகிறவர். டீசல் எஞ்சின் சத்தத்தைக் கேட்டதுமே அவருக்குப் பிடித்துவிட்டது. ஒன்றரை லட்சம் வரை வந்தார். இன்னொருவர் பெங்களூரிலிருந்து வந்த சேகரிப்பாளர். மூன்றே கால் லட்சம் என்றார். எங்கிருந்தோ வாங்கிய ஹரிக்கேன் எஞ்சின் ஒன்று அவரிடம் இருக்கிறது. டீசலைக் கழற்றிவிட்டு அதை வைத்து, ராணுவப் பச்சை அடித்து, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம் போடப் போகிறார். போர் முடிந்து இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பதிவான வண்டிக்கு! இந்தச் சேஸிஸில் ஒருநாள்கூட ஓடாத எஞ்சின் உட்கார்ந்ததும் சந்தையில் அதன் பெயர் 'ஒரிஜினல்' ஆகிவிடும்.

பெரியப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு தறிகளையும் நிறுத்தி ஒரு வருஷமாகிறது. தறிக்கூடத்துக்கு வாங்கிய கடன் நிற்கவில்லை.

"இன்னா பெரியப்பா, யாருக்குக் குடுக்கலாம்?"

"மலைக்காரன் நல்லா வச்சிக்குவான்டா. தெரியுது. ஆனா வட்டி கட்றது நான்தான?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நட்சத்திரம் போட்டுக்கினு போகட்டும். எஞ்சினை மட்டும் கழட்டி நம்மகிட்ட குடுத்துட்டுப் போவச் சொல்லு. அப்புறம், வண்டில எது எது எப்ப மாத்தினதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடு. நாளைக்கு எவனாவது கேட்டா அவனுக்குத் தெரியணும் இல்ல?"

பெரியப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். 1982, எஞ்சின். 1991, தரைத் தகடு முழுக்க. 1996 மழையில் ஓடையில் இறங்கி வளைந்த முன் ஆக்சில். பின் சீட்டு இரண்டு முறை. ஸ்டியரிங் பாக்ஸ். மூன்று ரேடியேட்டர். எதை யார் செய்தார்கள், எந்த ஊர் ஷெட்டு என்பதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. இரண்டு பக்கம் வந்தது. கடைசி வரியாக, டீசல் எஞ்சின் கழற்றிய தேதியைப் போட்டேன்.

பெங்களூர்க்காரர் நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். ஆக்சிலை நிமிர்த்திய மெக்கானிக் இன்னும் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றதும் தாளை மடித்து ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

எஞ்சின் தறிக்கூடத்தில் பலகை மேல் நிற்கிறது. வடமாதிமங்கலம் பக்கம் ஒருவர் இன்னும் பி-275 டிராக்டர் வைத்து உழுகிறார். முப்பதாயிரத்துக்குக் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வார்.