ஏழு பேர் மூச்சு

சடுகுடு என்றால் ஜனங்கள் பார்ப்பது பாடிக்கொண்டு போகிறவனைத்தான். தொடையைத் தட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டுகிறான். ஒருவனைத் தொட்டுவிட்டு விரால் மாதிரி நழுவித் திரும்புகிறான். கூட்டம் விசிலடிக்கிறது. என் கண் என்னமோ எதிர்ப்பக்கத்தில் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறவர்கள் மேலேயேதான் போய் நிற்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபது இருபது நிமிஷமாக இரண்டு பாதி. ஒரு பாட்டுக்கு 30 விநாடி கெடு. ஒவ்வொரு பாட்டும் முழுக் கெடுவும் ஓடினால் மொத்தம் 80 பாட்டு. ஆளுக்குப் பாதியாக, ஒரு கட்சிக்கு 40. நம் ஆள் பாடப் போகும்போது மற்ற ஆறு பேர் இடுப்பில் கையை வைத்து மூச்சு வாங்கலாம். எதிராளி வந்தால் ஏழு பேருக்கும் வேலை. முழங்காலை மடக்கி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாக நகர்ந்து, கோத்த கை விடாமல் நிற்க வேண்டும். பிடித்தால் ஒரு முழு மனிதனின் பாய்ச்சலை நிறுத்த வேண்டும். இப்படி நாற்பது தடவை!

கொடுமை என்னவென்றால், தோற்கிற கட்சிக்குத்தான் உழைப்பு அதிகம். இரண்டு பேர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால் அதே பத்து மீட்டர் அகலத்தை ஐந்து பேர் காக்க வேண்டும். மூன்று பேர் ஆனால் சங்கிலியே இல்லை. களைப்பால் ஆள் போகிறது; ஆள் போவதால் களைப்பு. கடைசி ஆளும் போனால் எதிரிக்கு இரண்டு புள்ளி உபரி.

தை பிறந்து சம்பா அறுவடை நடக்கிற நாளில் எங்கள் காவிரிக்கரைக் கிராமங்களில் பந்தயம் வைப்பார்கள். வயலில் குனிந்து நிமிர்கிற உடம்புக்குச் சடுகுடு தானே வரும் என்பது ஊர்ப் பெரியவர்கள் கட்சி. எனக்கு அதில் பாதி சம்மதம். நாள் முழுக்கத் தாங்குகிற தெம்பை வயல் கொடுக்கும். கண் இமைப்பதற்குள் திரும்புகிற முழங்காலை அது கொடுக்காது. அதற்கு வேறு பயிற்சி வேண்டும். தவிர, இப்போது அறுப்பதெல்லாம் இயந்திரம்.

நாற்பது வயதைத் தாண்டிய எனக்குத் தருமராஜ் சேரலாதனை நினைத்தால் ஒரு தனிக் குஷி. தஞ்சை மாவட்டத்துக்காரர், 1975-இல் பிறந்தவர். பாடப் போகிறவர் அல்ல, ஓரத்தில் நின்று பிடிக்கிறவர். 2016-இல், 41 வயதில், பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராக இருந்து புரோ கபடிக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அந்த வருஷமே அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். அந்த இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் ஈரான் 18, நாம் 13. முடிவில் 38-29 என்று ஜயித்தோம். அஜய் தாகூர் பாடிப் பாடிப் புள்ளி சேர்த்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் முதல் பாதியில் 18 விட்டவர்கள் இரண்டாம் பாதியில் 11-தானே விட்டார்கள்? அதைப் பற்றிப் பேசினவர்கள் குறைவு. இரண்டு வருஷம் கழித்து ஜகார்த்தாவில் அதே ஈரான், ஆசியப் போட்டியின் அரையிறுதியில் நம்மை 27-18 என்று வீழ்த்தியது. வந்தவர்களைப் பிடித்துப் பிடித்தே அமுக்கிவிட்டார்கள்.

கிராமத்துப் பையன்களுக்கு இது வெறும் வேடிக்கை அல்ல. ரயில்வே, போலீஸ், வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் குடும்பமே நிமிரும். முழங்கால் ஒரு தடவை பிசகினால் அதுவும் போச்சு. தேர்வுக்கு வருகிறவர்கள் புள்ளியைப் பார்க்கிறார்கள். பிடித்ததற்கு உண்டான புள்ளி முதலில் பாய்ந்தவன் பெயரில் எழுதப்படுகிறது. அவன் பாய்கிற வரைக்கும் அவன் கையைக் கோத்து நின்று, எதிராளி திமிறும்போது மேலே விழுந்து அமுக்கினானே பக்கத்துப் பையன், அவன் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதுவதில்லை.