எல்லி மறுத்திருந்தாள்



ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதியின் 'அபவுட் எல்லி' (2009) திரைப்படத்தைச் சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு பார்த்தேன். உஸ்தாதுக்குத் திரைப்படம் எதற்கு என்று கேட்போர் உண்டு. அவ்விவாதம் இன்னொரு நாளைக்கு.

தெஹ்ரானைச் சேர்ந்த நண்பர்கள் குடும்பங்களுடன் காஸ்பியன் கடற்கரைக்குச் செல்கின்றனர். அவர்களுள் ஒருத்தியான ஸெபீதே, தன் மகளின் ஆசிரியை எல்லியையும் அழைத்து வருகிறாள். மணவிலக்குப் பெற்ற அஹ்மதுக்கு அவளைப் பேசி முடிக்கும் எண்ணம். மறுநாளே ஊர் திரும்ப எல்லி துடிக்கிறாள். ஸெபீதேயோ அவளது பையை ஒளித்து வைக்கிறாள். பிறகு ஒரு சிறுவன் கடலில் மூழ்கி மீட்கப்படுகிறான். அவனைக் கவனித்துக்கொண்டிருந்த எல்லியைக் காணவில்லை. மூழ்கினாளா, சொல்லாமல் போய்விட்டாளா? உயிரோடிருப்பதோ இறந்ததோ தெரியாத இத்தகையவரை ஃபிக்ஹு நூல்கள் 'மஃப்கூத்' என்னும்; அவருக்கென்று தனிப் பாடமே உண்டு.

"அத்தா, பிணவறையில் இருந்தது எல்லிதானா?" என்றாள் என் மகள்.

"அலீ ரிஸா அழுததைப் பார்த்தாயே, அவள்தான்" என்றேன். ஆனால் முடிவு பிணவறையில் இல்லை. அதற்குச் சற்று முன்பே நிகழ்ந்துவிடுகிறது. அலீ ரிஸா எல்லிக்கு நிச்சயிக்கப்பட்டவன். அவன் ஸெபீதேயிடம் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் அழைத்தபோது அவள் மறுக்கவில்லையா? உண்மையில் எல்லி மறுத்திருந்தாள். தான் நிச்சயிக்கப்பட்டவள் என்றும் சொல்லியிருந்தாள். ஒருவர் பேசி முடித்த பெண்ணை மற்றவர் பேசலாகாது என்பது நம் பிள்ளைகளும் அறிந்த சட்டம். ஸெபீதே அறிந்தே மீறினாள். இப்போது நண்பர்கள் நெருக்க, மறுக்கவில்லை என்று சொல்லிவிடுகிறாள். எல்லோரும் தப்பித்துக்கொள்கின்றனர். மறுமொழி சொல்ல இயலாத எல்லியின் மானம் மட்டும் போகிறது. மணலில் புதைந்த காரை அவர்கள் தள்ளிக்கொண்டிருக்கும்போதே படம் முடிகிறது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் நான் முன்னின்று ஒரு சம்பந்தம் பேசினேன். "பிள்ளைக்கு விருப்பமில்லை, ஹஜ்ரத்" என்று பெண்ணின் தாயார் தொடக்கத்திலேயே சொன்னார். போகப்போகச் சரியாகிவிடும் என்று நான்தான் வற்புறுத்தினேன். நிச்சயத்தன்று அப்பெண் மறுத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் கேட்டனர்: "உங்களுக்கு முன்பே தெரியாதா?" தெரியாது என்றேன். ஆசை காட்டி மோசம் செய்தவள் என்று மஹல்லா முழுவதும் அவளைப் பேசிற்று. நான் வழக்கம்போல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

நேற்று மஃரிபுக்குப் பின் அவ்வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுக்கவில்லை. இன்று அஸருக்குப் பின் நேரில் போகவேண்டும். பிறகு அந்தத் தாயாரிடமும்.