பெயர் மட்டும் போதாது

வங்கிக்குப் போய் வரிசையில் நிற்க அப்பாவால் இப்போது முடிவதில்லை. அவருடைய பென்ஷன் கணக்கை என் கம்ப்யூட்டரில் நான்தான் கவனித்துக்கொள்கிறேன். ஒருநாள் இரவு மின் கட்டணம் செலுத்த உட்கார்ந்தபோது திரையின் மூலையில் ஒரு கட்டம் எழும்பியது. ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற புரோகிராம் இன்டர்நெட்டுக்குப் போக விரும்புகிறது, அனுமதிக்கலாமா என்று கேட்டது.

முந்தைய வாரம்தான் புதிதாக ஒரு ஃபயர்வாலைப் போட்டிருந்தேன். எந்த புரோகிராம் வெளியே போக முயன்றாலும் அது என்னைக் கேட்கும். முதல் இரண்டு நாட்கள் பொறுப்பாகப் படித்தேன். மூன்றாம் நாளிலிருந்து படிக்காமலே ‘சரி’ கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று மட்டும் கை தயங்கியது. இந்தப் பெயரில் நான் எதையும் வாங்கவில்லையே!

“விடாதே, திருடனா இருக்கப் போறான்” என்றார் பின்னால் நின்ற அப்பா.

தடுத்தேன். சிறிது நேரத்தில் வங்கியின் தளம் மட்டுமல்ல, எந்தத் தளமுமே திறக்கவில்லை.

நான் வெளியே தள்ளியது வீட்டு ஆளையே என்பது பிறகுதான் புரிந்தது. எஸ்விசிஹோஸ்ட் விண்டோஸின் சொந்த புரோகிராம். தனியாக ஓட முடியாத பல சேவைகளைத் தன்னுள் வைத்து ஓட்டுவது அதன் வேலை. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் சேவையும் விண்டோஸ் அப்டேட்டும் அதன் வழியேதான் நடக்கின்றன. 2017-ல் வந்த விண்டோஸ் 10 மாற்றத்துக்குப் பிறகு, 3.5 ஜிபிக்கு மேல் மெமரி உள்ள கம்ப்யூட்டர்களில் பெரும்பாலான சேவைகளுக்குத் தனித்தனி எஸ்விசிஹோஸ்ட் ஓடுகிறது. டாஸ்க் மானேஜரில் அதே பெயர் டஜன் கணக்கில் தெரிந்தால் பதற வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பெயரின் நற்பெயர்தான் திருடர்களுக்கும் வசதி. 2003-ல் பரவிய வெல்சியா என்ற புழு, ‘டிஎல்எல்ஹோஸ்ட்’ என்ற இன்னொரு விண்டோஸ் பெயரைச் சூட்டிக்கொண்டது. அசல் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள்ளேயே ‘வின்ஸ்’ என்ற உள் ஃபோல்டரில் போய் உட்கார்ந்தது. பெயர் சரி, விலாசத்தில் ஒரு படி மட்டும் தவறு.

எனவே விலாசத்தைப் பார்க்கப் பழகினேன். டாஸ்க் மானேஜரில் பெயர் மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஃபைல் இருக்கும் இடத்தைத் திறக்கலாம். எஸ்விசிஹோஸ்ட் என்றால் விண்டோஸுக்குள் சிஸ்டம்32-ல் நேராக இருக்க வேண்டும். ஃபைலின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பகுதியில் தயாரித்த நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கிறதா என்றும் பார்க்கலாம். விண்டோஸின் சில ஃபைல்களில் அது தெரியாமல் போகலாம். இடமும் தவறாக இருந்து கையெழுத்தும் இல்லையென்றால் சந்தேகம் நியாயமானது.

அந்தத் துணிச்சலில், ஏற்கனவே நான் ‘சரி’ கொடுத்தவர்களின் பட்டியலைத் திறந்தேன். நடுவில் ‘எஸ்சிவிஹோஸ்ட்’ என்று ஒன்று. இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன. விலாசம், தற்காலிக ஃபைல்கள் கிடக்கும் ‘டெம்ப்’ ஃபோல்டர். கையெழுத்து இல்லை. பழைய தமிழ் எழுத்துருவை மாற்ற இலவசமாக இறக்கிய ஒரு மென்பொருளும் அதுவும் ஒரே நாளில், ஒரே நிமிடத்தில் வந்திருந்தன.

முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டித்தேன். வைரஸ் சோதனை அதைத் தீங்கானது என்று சொல்லி அகற்றியது. வங்கி பாஸ்வேர்டை வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினேன். வங்கிக்கும் தகவல் சொன்னேன். பணம் போயிருந்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. காலையில் அப்பா பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு என்னோடு வங்கிக்கு வந்தார். மெஷினில் பதிந்த வரிகளை விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கும்வரை இருவரும் பேசவில்லை. எதுவும் குறையவில்லை.

நல்லவனைத் தடுத்தேன், கெட்டவனுக்குக் கதவைத் திறந்தேன். இரண்டு முறையும் பெயரை மட்டும் பார்த்ததுதான் தவறு. இரண்டாவது முறை அதையும் சரியாகப் பார்க்கவில்லை.

இப்போதும் கட்டம் எழும்பினால் அப்பா எட்டிப் பார்ப்பார். திருடனா என்று கேட்பதில்லை. “எங்கேருந்து வந்திருக்கான்னு பார்த்தியா?” என்கிறார்.