புள்ளி மறைந்த பிறகு

மீன் வாங்கிப் போனவர் நாலாம் நாளே திரும்பி வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். செல்போனில் மங்கலாக ஒரு படத்தைக் காட்டுவார். "ண்ணா, ஒடம்பெல்லாம் ரவை தூவுன மாதிரி இருக்கு. ஒரு மருந்து குடுங்க." சிலர் அதற்குள் மெடிக்கலில் டெட்ராசைக்ளின் வாங்கி, கேப்சூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டிவிட்டே வந்திருப்பார்கள்.

ரிஷிவந்தியத்தில் சின்னதாக ஒரு வண்ணமீன் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலில் நான் கற்றதில் பெரும்பாதி, புதிதாக வந்த மீனை முதல் இரண்டு வாரம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான். மிச்சத்தை யார் வேண்டுமானாலும் ஒரு மாதத்தில் பழகிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை சென்னை கொளத்தூரில் மீன் எடுப்பேன். பாலிதீன் கவரில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன். தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, விழுப்புரம் வழியாக ஊர் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அத்தனை நேரமும் மீன் தன் கழிவிலேயே கிடக்கிறது. கழிவில் இருக்கும் அம்மோனியா அதை உடனே கொல்லாமல் இருப்பதற்கும் காரணம் மீனின் மூச்சுதான். மூச்சில் வெளியாகும் கரியமில வாயு தண்ணீரைக் கொஞ்சம் அமிலமாக்குகிறது. அமிலத் தண்ணீரில் அம்மோனியாவின் விஷம் அடங்கிக் கிடக்கும். முடிச்சை அவிழ்த்ததும் அந்த வாயு பறந்துவிடும், அடங்கிய விஷம் தலைதூக்கும். அதனால் கவரைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது. மூடிய கவரையே கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்குவேன். அவிழ்த்த கையோடு மீனை வலையில் அள்ளி விட்டுவிடுவேன். கவர்த் தண்ணீர் சாக்கடைக்குப் போகும்.

அன்று ராத்திரி மீன் நிறம் வெளுத்து மூலையில் ஒதுங்கி நிற்கும். பார்ப்பவருக்கு நோய் என்று தோன்றும். அது வெறும் பயண அலுப்பு. விளக்கை அணைத்து, ஏர் மோட்டாரை ஓடவிட்டு, இரை போடாமல் விட்டுவிடுவேன். அலுத்த மீனின் தலையில் மருந்தையும் கொட்டினால் நோயே இல்லாமல் செத்துப்போகும்.

நோய் என்றால் எங்கள் பக்கம் பெரும்பாலும் வெள்ளைப்புள்ளிதான். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிர் ஒன்று மீனின் தோலுக்கு அடியில் புகுந்து, தின்று, ரவை அளவுக்குப் பெருப்பதுதான் அந்தப் புள்ளி. 1876-இல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்கு 'இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ்' என்று பெயர் வைத்தார். ஏகப்பட்ட பிள்ளை பெறும் மீன் பேன் என்று பொருள். கடைக்காரர்கள் அதை 'இக்' என்று சுருக்கிக்கொண்டோம். சுருக்கியதில் பிள்ளைகளை மறந்துவிட்டோம்.

நானும் மறந்தவன்தான். கடை வைத்த முதல் வருஷ மார்கழி. கல்வராயன் மலைப் பக்கமிருந்து இறங்கும் பனியில் விடியற்காலைத் தண்ணீர் சில்லிட்டுப் போகும். புதிதாக வந்த முப்பது மாலி மீன்களுக்கும் புள்ளி கண்டது. மெத்திலின் புளூ விட்டேன். நாலைந்து நாளில் ஒரு புள்ளி இல்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்து எல்லாவற்றையும் ஷோ டேங்குக்கு மாற்றினேன். அடுத்த வாரம் அந்த டேங்க் முழுக்க ரவை. மாலியில் நாலுதான் மிஞ்சின. பழைய ஏஞ்சல் மீன்களும் போயின.

நடந்தது இதுதான். புள்ளியாக இருக்கும்வரை அந்தப் பூச்சி மீனின் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. மருந்து அங்கே எட்டாது. முற்றியதும் தானாகவே கழன்று விழுந்து, கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டி, கூடு கட்டிக்கொள்ளும். கூட்டுக்குள்ளும் மருந்து போகாது. உள்ளே ஒன்று நூற்றுக்கணக்காகப் பிளக்கும். கூடு உடைந்து குஞ்சுகள் நீந்தி வரும்போதுதான் மருந்துக்கு வேலை. ஏறக்குறைய இரண்டு நாளைக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் அவை தாமாகவே செத்துவிடும். ஆக, புள்ளிகள் மறைந்த அந்த நாளில் நோய் போகவில்லை. மீனை விட்டு இறங்கித் தரையில் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்தது. அன்றைக்குத்தான் நான் மருந்தை நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு மீனை எண்ணுவதை விட்டு நாளை எண்ணப் பழகினேன். இந்த ஒரு சுற்று 28 டிகிரியில் நாலைந்து நாளில் முடியும். தண்ணீர் குளிர்ந்தால் வாரக் கணக்கில் இழுக்கும். அதனால் ஹீட்டர் போட்டு 30 டிகிரிக்கு மெல்ல ஏற்றுவேன். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் மோட்டாரைக் கூட்டி வைப்பேன். லிட்டருக்கு 2 கிராம் கல் உப்பு; 50 லிட்டர் டப்பாவுக்கு 100 கிராம். அதை ஒரே நாளில் கொட்டாமல், கரைத்து மூன்று தவணையாக விடுவேன். செதில் இல்லாத கெளுத்தி வகைக்கும் லோச்சுக்கும் உப்பும் மருந்தும் ஒத்துக்கொள்ளாது. அவற்றுக்குச் சூடும் தண்ணீர் மாற்றுவதும்தான் முதல் வைத்தியம். புள்ளி மறைந்த பிறகும் முழுசாக ஒரு வாரம் மருந்து நிற்காது.

இதெல்லாம் ஷோ டேங்கில் நடக்காது. மணல், கல், செடி எதுவும் இல்லாத தனி டப்பாவில்தான். மெத்திலின் புளூ ஃபில்டரில் வாழும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். ஃபில்டரில் கரி இருந்தால் அது மருந்தையே உறிஞ்சிக்கொள்ளும். வெறும் டப்பா என்றால் தினமும் கால்வாசித் தண்ணீரை அடியிலிருந்து உறிஞ்சி மாற்றலாம். தரையில் ஒட்டிய கூடுகளில் கொஞ்சமாவது அதோடு போகும். டப்பாவுக்குத் தனி வலை. ஈர வலையில்தான் நோய் ஊர் சுற்றும். வேலை முடிந்ததும் வெயிலில் காயப் போட்டுவிடுவேன். எங்கள் ஊரில் காசு இல்லாமல் கிடைக்கும் மருந்து அந்த வெயில்தான்.

பார்வைக்கும் ஒரு பழக்கம் வேண்டும். எங்கள் அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தேன் அபிஷேகம் ஆகும்போதுதான் லிங்கத்தில் அம்பாள் உருவம் தெரியும் என்பார்கள். வெள்ளைப்புள்ளியும் ஆரம்பத்தில் நேராகப் பார்த்தால் தெரியாது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் துடுப்பின் ஓரத்தில் ஒன்றிரண்டு பளிச்சிடும். அதற்கும் முன்னாலேயே மீன் சொல்லிவிடும்: கல்லில் உடம்பை உரசும், துடுப்பை ஒடுக்கிக்கொள்ளும், மேலே வந்து வாயைத் திறந்து மூடும். நோய் செவுளில் இருக்கிறது என்று அர்த்தம். புள்ளிக்காகக் காத்திருப்பவன் இரண்டு நாளைத் தொலைக்கிறான்.

வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "நீங்க குடுத்த மீன்தானே நோயைக் கொண்டாந்துச்சு?" பல நேரம் ஆமாம். ஆனால் எப்போதும் அப்படியில்லை. ஒரு முறை இந்த நோயில் பிழைத்த மீனுக்கு எதிர்ப்பு வந்துவிடும். பழைய மீன் செவுளில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு, வெளியே ஒன்றும் தெரியாமல் திரியும். அந்தத் தொட்டியில் அலுத்துப்போன புது மீனை விட்டால் அதன் மேல்தான் முதலில் பூக்கும். பழி வந்தவன் மேல். நோய் இருந்தவன் வீட்டில். இதை நான் வாடிக்கையாளரிடம் சொன்னால் தப்பிக்கப் பேசுவதாகத்தான் நினைப்பார். அதனால் வாய் பேசுவதைக் குறைத்துக்கொண்டு டப்பா பேசும்படி வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு டப்பாவிலும் மீன் இறங்கிய தேதியை மார்க்கரில் எழுதிவிடுவேன். இரண்டு வாரம் ஆகாமல் விற்பதில்லை. இன்றைக்கு ஒன்பதாம் நாள் டப்பா ஒன்று வாசலில் இருக்கிறது. உள்ளே பன்னிரண்டு பிளாட்டிகள், மேலில் ஒரு மாசு இல்லை, இரைக்கு முண்டியடிக்கின்றன. பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் ஒருவன் கண்ணாடி ஜாடியோடு நிற்கிறான்.

"நல்லாத்தானே இருக்குண்ணா?"

"நல்லாத்தான் இருக்கு. அதுக்குத்தான் சொல்றேன், அடுத்த வாரம் வா."

பையனுக்கு முகம் சுருங்கியது. ஜாடியை வாங்கி மேலே வைத்துக்கொண்டேன். கழுவிக் காய வைக்க அதற்கும் ஒரு வாரம் இருக்கிறது.