பாதி வழியில் ஒரு பகல்

அம்மா கோவையில், மகனோடு. மகள் ஊட்டியில். கொண்டை ஊசி வளைவு என்றாலே அம்மாவுக்குக் குமட்டல். பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு மலையேறவே பயம். மகள் கோவைக்கு வந்தாலும், 'இருட்டறதுக்குள்ள மலை ஏறணும்' என்று சாப்பிட்டதுமே கிளம்பிவிடுவார்.

இந்தக் கோடை விடுமுறைக்கு மகன் தேடிப்பிடித்த இடம், மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். கோவையிலிருந்து சுமார் 40 கி.மீ. மகள் குன்னூர் வழியாக இறங்கினாலும் சரி, கோத்தகிரி வழியாக இறங்கினாலும் சரி, மேட்டுப்பாளையத்துக்குத்தான் வர வேண்டும். 2024 மே மாதம் வந்த நீலகிரி இ-பாஸும் மலையேறாத கோவை வண்டிக்குத் தேவையில்லை. மகளின் டி.என். 43 வண்டிக்கு அந்தக் கவலையே கிடையாது.

"தண்ணியில காலே வைக்காத எனக்கு எதுக்கு கண்ணு டிக்கெட்டு?" என்றார் அம்மா. நியாயமான கேள்விதான். ஏதாவது ஓட்டலில் சந்தித்திருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால், கை கழுவியதுமே பிள்ளைகள் 'போலாமா' என்று நச்சரித்திருப்பார்கள். இங்கே அலைக்குளத்தில் இறங்கியவர்கள் வெளியே வரவே மறுத்தார்கள். கரையில் டவலோடு மகன் காவல். நிழலில் அம்மாவும் மகளும். நடுவே மாத்திரை டப்பா. பேச்சு, மருந்தில் ஆரம்பித்து எங்கெங்கோ போனது.

நாலு மணிக்கு மகள் ஒருமுறை போனில் நேரம் பார்த்தார். பிள்ளைகளைக் கூப்பிட யாரும் எழவில்லை.